பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டவா, புதிது வாங்கவா?

கேள்வி: என்னிடம் 28 அடி ஃபைபர் வள்ளம் இருக்கிறது. 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் எஞ்சின், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அப்பா ஆறு வருடத்துக்கு முன் புதிதாக வாங்கியது. மூன்று வருடத்துக்கு முன் கரையேறும்போது அலையில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் முழுகிவிட்டது. அப்போது மேல் சிலிண்டருக்கு மட்டும் போர் அடித்து (சுவரைக் கடைந்து அகலமாக்கி) 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். கிராங்கை (பிஸ்டன் சுழற்றுகிற தண்டை) தொடவில்லை. இப்போது விடியற்காலையில் பதினைந்து, இருபது இழுப்புக்குப் பிறகுதான் பிடிக்கிறது. பெட்ரோலில் ஓடுகிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் இழுவை போய்விடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் வெளியே துப்புவதும் மெலிந்துவிட்டது. போன மாதம் நடுக்கடலில் சூடேறி நின்றுபோனது. அரை மணி நேரம் கழித்துத்தான் ஸ்டார்ட் செய்கிற கயிறு அசைந்தது. ஒரு மெக்கானிக் 45 ஆயிரத்துக்கு முழுதாகப் பிரித்துக் கட்டித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்கிறார். புதிதுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வேண்டும். எங்கள் மீனை ஏலம் போடுகிறவர் கடன் தரத் தயாராக இருக்கிறார். பக்கத்து ஊரில் ஒரு பழைய எஞ்சின் 65 ஆயிரத்துக்கு வருகிறது. நாங்கள் நான்கு பேர் தொழிலுக்குப் போகிறோம். எது சரி?

– குளச்சலுக்கு மேற்கேயுள்ள ஒரு கடற்கரை ஊரிலிருந்து வாசகர்

பதில்:

தம்பி, மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன் ஒன்று. இந்த எஞ்சினை இப்போது இருக்கிற நிலையில் இன்னொரு நாள்கூடக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். சூடேறி இறுகி, ஆறியதும் மறுபடி அசைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆறியதும் பிஸ்டன் சுருங்கியதால் விட்டுக்கொடுத்தது. ஒட்டிய அலுமினியம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த முறை இறுகும்போது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரலாம். அப்படி நடந்தால் கட்டுவதா வாங்குவதா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகும். அதைவிட முக்கியம், வள்ளத்தில் நான்கு பேர் இருக்கிறீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் கடலைக் கடந்தபோது என்ன நடந்தது என்று உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று மாறும்போது கரைக்குத் திரும்ப உதவுவது எஞ்சின் ஒன்றுதான். இதற்கு ஒரு முடிவு தெரியும்வரை யாரிடமாவது எஞ்சின் இரவல் வாங்குங்கள், அல்லது இன்னொரு வள்ளத்தில் பங்குக்குப் போங்கள்.

இனி உங்கள் கேள்வி. இரண்டு மெக்கானிக்குகளும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், ஆனால் இரண்டு பேருமே எஞ்சினைத் திறந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஹெட்டை (சிலிண்டரின் மூடியை) கழற்றாமல் சொல்கிற எந்தத் தொகையையும் நம்ப வேண்டாம், 45 ஆயிரமானாலும் சரி, ஐந்தாயிரமானாலும் சரி.

எஞ்சினின் வயதை வருடத்தில் கணக்கிடுவதும் நம் கடற்கரைக்குப் பொருந்தாது. வெளிநாடுகளில் பொழுதுபோக்குப் படகு வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு 50 மணி நேரமோ 100 மணி நேரமோ ஓட்டுவார்கள். இருபது வருட எஞ்சின் கூட அவர்களிடம் பளபளவென்று இருக்கும். நீங்கள் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வருடத்தில் 200 நாள் ஓட்டினால் ஆயிரம் மணி நேரம். ஆறு வருடத்தில் ஆறாயிரம். இன்டர்நெட்டில் "பத்து வருடம் ஒன்றும் பெரிதல்ல" என்று படித்துவிட்டு என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் ஆறாயிரம் மணி நேரம் என்பதாலேயே எஞ்சின் செத்துவிட்டது என்றும் இல்லை. பிஸ்டன், ரிங், பேரிங், சீல், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் கட்டுப்படியாகாதது அலுமினிய வார்ப்பு: சிலிண்டர் பிளாக், அதன் தண்ணீர் வழிகள், நடுக்கூடு, கியர் இருக்கும் கால். உப்பு இவற்றைத் தின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான், கடைசியில் புது எஞ்சினின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே பிஸ்டன் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வார்ப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். நான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போவது இதுதான்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். கேஜ் விலை அதிகமில்லை, பெரும்பாலான பட்டறைகளில் இருக்கும். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை பிளாக்கில் எர்த் செய்துவிட்டு, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து நான்கைந்து முறை பலமாக இழுக்க வேண்டும். இரண்டு சிலிண்டரையும் ஒரே ஆள், ஒரே மாதிரி இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினில் அளவு பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகத்தான் காட்டும். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் குறைவு. அழுத்தம் கூடினால் முன்கூட்டியே வெடித்துத் தட்டும். அதனால் கம்பெனியிலேயே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெட்ரோல் எஞ்சினோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. பதினைந்தைத் தாண்டினால் உள்ளே காரியம் இருக்கிறது.

குறைவாகக் காட்டினால் உடனே போர் அடிக்கக் கிளம்ப வேண்டாம். மண்ணெண்ணெய் எஞ்சினில் கரி அதிகமாகப் படியும். அது பிஸ்டனைச் சுற்றி ரிங் இருக்கிற காடிக்குள் நிறைந்து ரிங்கை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரிங் சுவரில் அழுந்தாவிட்டால் கம்ப்ரஷன் எங்கிருந்து வரும்? நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) உப்பில் அடைத்துக்கொள்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். எஞ்சின் போதிய சூடு ஏறாமல் ஓடினால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. கரி இன்னும் அதிகமாகப் படியும். தண்ணீரைக் குறைத்தாலும் கேடு, கட்டுப்பாடில்லாமல் விட்டாலும் கேடு. காலையில் பிடிக்க மறுப்பதற்கும், மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் இழுவை போவதற்கும் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். தொழில் முடிந்து வரும்போது மண்ணெண்ணெயிலேயே எஞ்சினை நிறுத்துகிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். கரைக்கு வருவதற்கு முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் மறுநாள் விடியலில் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் பிடிக்க வைக்கத்தான் அந்த இருபது இழுப்பும்.

கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கிலும் சுவரிலும். ஏறவே இல்லையென்றால் ஹெட் காஸ்கெட்டையோ, பிஸ்டனில் ஓட்டையையோ சந்தேகப்படலாம். இது முழு நிச்சயமான சோதனை இல்லை, ஆனால் திறப்பதற்கு முன் கையில் ஒரு குறிப்பு கிடைக்கும்.

பிறகு ஹெட்டையும், எக்ஸாஸ்ட் பக்கத்து மூடியையும் கழற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை. கூலியும் இரண்டு காஸ்கெட்டும்தான் செலவு. இந்த ஒரு நாள் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள், ஒன்றரை லட்சத்துக்கான முடிவு இதில்தான் இருக்கிறது. கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். போல்டு கழன்று வருகிறதா, முறிகிறதா என்று பாருங்கள். ஸ்டெயின்லெஸ் போல்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிப் போல்டை இறுக்கிவிடும். ஒன்றிரண்டு முறிந்தால் துளை போட்டு எடுத்துப் புதுப் புரி வெட்டிக்கொள்ளலாம். தொட்டதெல்லாம் முறிந்தால் வார்ப்பு உள்ளே எப்படி இருக்கும் என்று அதுவே சொல்லிவிடும்.

திறந்ததும் பிஸ்டனைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கண் போகும். நீங்கள் முதலில் தண்ணீர் வழிகளைப் பாருங்கள். உப்பும் சுண்ணாம்பும் அடைத்திருந்தால் சுரண்டிக் கழுவி எடுத்துவிடலாம். அடைப்பை எடுத்த பிறகு அடியில் உலோகம் கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு சிறு திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். பொத்தென்று உள்ளே போனால், அல்லது தண்ணீர் வழிக்கும் சிலிண்டருக்கும் நடுவே காஸ்கெட் உட்காருகிற முகம் குழி விழுந்து பாதி அகலம் போயிருந்தால், அந்த பிளாக்கின் மேல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். முகத்தைச் சமதளமாகத் தேய்த்துக் கொடுக்கிறேன் என்பார்கள். லேசான குழிக்கு அது சரி. ஆழமான அரிப்பைத் தேய்த்து மறைத்தால் ஆறு மாதத்தில் காஸ்கெட் ஊதும், தண்ணீர் சிலிண்டருக்குள் வரும்.

அதற்குப் பிறகு சிலிண்டர் சுவர். எக்ஸாஸ்ட் துவாரம் இருக்கிற பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கீறல் இருக்கும். சூடேறி இறுகிய எஞ்சினில் அந்தப் பக்கம்தான் முதலில் போகும். கீறல் இருப்பதில் ஆச்சரியமில்லை. அளந்து பார்த்து, போர் அடித்தால் எந்த அளவில் சுத்தமாகும் என்று சொல்லச் சொல்லுங்கள். இந்த அளவுச் சிறு எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று இரண்டு ஓவர்சைஸ்தான் வரும். உங்கள் மேல் சிலிண்டரில் முதல் படி ஏற்கெனவே போய்விட்டது. இப்போது 0.50-இல் சுத்தமானால் அதுவே கடைசி. அதற்கு மேல் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புது உறை) போட வேண்டியிருக்கும். நம் பக்கத்தில் அதை நேராகச் செய்கிற லேத் பட்டறைகள் குறைவு. அதாவது, இப்போது கட்டினாலும் இது இந்த எஞ்சினின் கடைசிக் கட்டு. அதை மனதில் வைத்துத்தான் பணம் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி வேறு. எஞ்சின் முழுகியது, கிராங்கைத் தொடவில்லை என்ற வரி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறைக்கு என்று தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு கலந்து வருகிற எண்ணெய்தான் அங்கிருக்கிற உருளை பேரிங்குகளுக்கும் உயிர். உப்புத் தண்ணீர் உள்ளே போய், அதே நாளில் நன்னீரில் அலசி, எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்காவிட்டால் மறுநாளே பேரிங்கில் துரு பிடிக்கும். அந்தத் துரு ஓட ஓட உதிர்ந்து, இருந்த இடத்தில் சிறு குழியாகிவிடும். எஞ்சின் ஓடும். வருடக்கணக்காகவும் ஓடும். குழி மெல்லப் பெரிதாகி ஒரு நாள் பேரிங் உடையும். ஹெட் திறந்திருக்கும்போது பிஸ்டனை விரலால் அழுத்தி மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ராடு மேலும் கீழுமாக ஆடவே கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. எஞ்சினின் மேலுள்ள ஃபிளைவீல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போன்ற உணர்வு கையில் வந்தால் பேரிங் போய்விட்டது.

இந்த வகை எஞ்சினில் கிராங்க் ஒரே துண்டு அல்ல, அழுத்திப் பொருத்தியது. புது ராடும் பேரிங்கும் போட வேண்டுமென்றால் அழுத்துக் கருவியில் பிரித்து, மறுபடி சேர்த்து, நேராக இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் செய்யக்கூடிய வேலை இல்லை. முழுக் கிராங்கையே புதிதாக வாங்கினால் செலவு எகிறிவிடும். 45 ஆயிரம் சொன்ன மெக்கானிக்கிடம் கேளுங்கள்: இதில் கிராங்க் சேர்த்தியா, இல்லையா? என் அனுபவத்தில் "முழுதாகக் கட்டித் தருகிறேன்" என்பதில் இரண்டு பிஸ்டன், ரிங், போரிங், காஸ்கெட் இவ்வளவுதான் இருக்கும். கிராங்க் சீல் கூடப் பல நேரம் இருக்காது. அந்தச் சீல் சின்னச் சாமான்தான், ஆனால் அது கசிந்தால் காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும், எண்ணெய் குறையும், புது பிஸ்டனும் போன பிஸ்டன் போலவே இறுகும். கட்டுவதாக முடிவானால் இரண்டு சிலிண்டருக்கும் வேலை, எல்லா கிராங்க் சீலும், எரிபொருள் கலவையை உள்ளே விடுகிற ரீட் வால்வும், தண்ணீர் பம்பு முழுதும், தெர்மோஸ்டாட்டும் சேர்த்துத் தொகை சொல்லச் சொல்லுங்கள். எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் துப்புவது மெலிந்ததை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை சேதத்துக்கும் ஆரம்பம் அதுவாகத்தான் இருக்கும். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுழன்று தண்ணீரை ஏற்றுகிற ரப்பர்ச் சக்கரம், நம் கரையில் ஒவ்வொரு முறை கரையேறும்போதும் மணலை உறிஞ்சி ரப்பரும் தேயும், அது சுழலுகிற கூடும் கீறும். ரப்பரை மட்டும் மாற்றி, கீறிய கூட்டை அப்படியே விட்டால் தண்ணீர் ஏறாது. தண்ணீர் குறைந்தால் மேல் சிலிண்டர்தான் முதலில் சூடேறும். உங்கள் மேல் சிலிண்டர் இரண்டாவது முறையும் போயிருக்கிறது என்று தெரிந்தால், மூன்று வருடத்துக்கு முன்பே காரணத்தைப் பார்க்காமல் பிஸ்டனை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த முறையும் அதையே செய்தால் 45 ஆயிரமும் கடலில்தான் போகும்.

எஞ்சினின் கால் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கியர் எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்றிக்கொள்ளலாம். எண்ணெயில் பளபளக்கிற இரும்புத் துகள் கிடந்தாலோ, வேகம் கொடுக்கும்போது கியர் தானாக விடுபட்டாலோ அது பெரிய செலவு. வெளிக்கூட்டில் அரிப்பு இருந்தால் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்று பொருத்தியிருக்கிற ஜிங்க் கட்டிக்கு மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். நிறையப் பேர் அழகுக்காக அடித்துவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்த ஜிங்க் வேலை செய்யாது. ஜிங்க்குக்குப் பதிலாகக் காலின் அலுமினியம் கரையும்.

இனிப் பணம். தொகையை மட்டும் ஒப்பிட்டால் 45 ஆயிரமும் ஒன்றரை லட்சமும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த ஒன்றரை லட்சம் யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏலம் போடுகிறவரிடம் கடன் வாங்கினால் வட்டி இல்லை என்பார். பதிலாக மீனை அவரிடமே கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் தரகு பிடிப்பார். கடன் தீரும்வரை மீனை இன்னொருவரிடம் கூடுதல் விலைக்கு விற்க முடியாது. மீன்பாடு குறைந்த மாதத்தில் இன்னொரு பத்தாயிரம் கேட்பீர்கள், கட்டு இன்னும் இறுகும். இதை நம் கரையில் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். புது எஞ்சின் தேவைதான் என்று முடிவானாலும் அவரிடம் போவதற்கு முன் உங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் கேளுங்கள். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் (சிஃப்ஸ்) சேர்ந்த ஊர்ச் சங்கங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. மீன் விற்ற பணத்திலிருந்து சிறுகப் பிடித்துக் கடனை அடைக்கிற முறை அங்கே இருக்கிறது. மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் எஞ்சின் மானியம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். வாங்கிவிட்டு ரசீதோடு போகாதீர்கள். முதலில் கேட்டு, விண்ணப்பித்து, அவர்கள் சொல்கிற முறையில் வாங்குங்கள். எஞ்சின் மாறினால் வள்ளத்தின் பதிவிலும் அரசு தருகிற மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டிலும் புது எஞ்சின் நம்பரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கக் கணக்கும் ஒன்று உண்டு. தேய்ந்த எஞ்சின் அதிகம் குடிக்கும். மணிக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் குடித்தால், ஆயிரம் மணி நேரத்துக்கு ஆயிரம் லிட்டர். அரை லிட்டர் என்றாலும் ஐந்நூறு. ஒதுக்கீட்டு மண்ணெண்ணெய் போக மீதியை வெளியில் என்ன விலைக்கு வாங்குகிறீர்களோ அந்த விலையில் பெருக்கிப் பாருங்கள். இந்தத் தொகை வருடாவருடம் போகிறது. பழைய எஞ்சினை அரைகுறையாக ஒட்டுப்போட்டு ஓட்டுவது சிக்கனம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நன்றாகக் கட்டிய எஞ்சினில் இந்த நஷ்டம் பெரும்பாலும் நின்றுவிடும். சும்மா ரிங் மட்டும் மாற்றிய எஞ்சினில் நிற்காது.

65 ஆயிரத்துக்கு வருகிற பழைய எஞ்சினை விட்டுவிடுங்கள். அது எத்தனை முறை முழுகியது, எப்படிக் கழுவினார்கள் என்று விற்பவர் சொல்லமாட்டார். நான் மேலே எழுதிய எல்லாச் சோதனையையும் ஹெட் திறந்து செய்ய அவர் சம்மதித்தால் மட்டும் யோசிக்கலாம். சம்மதிக்கமாட்டார்.

ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும், எல்லோரும் கேட்கிறார்கள். எரிபொருள் நன்றாக மிச்சமாகும், உண்மை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகைக் கட்டுப்பாட்டால் பழைய முறைக் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகளைப் புதிதாக விற்பதே நின்றுவிட்டது. ஆனால் அலையை உடைத்துக் கரையேறி, எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து, மணலில் சாய்த்து வைக்கிற கரை உங்களுடையது. ஃபோர் ஸ்ட்ரோக் எடை கூடுதல். தவறான பக்கம் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போகும். பெட்ரோலில் ஓடுவது என்பதால் உங்கள் மண்ணெண்ணெய் ஒதுக்கீடும் பயன்படாது. துறைமுகத்தில் கட்டிவைக்கிற வள்ளமாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

இப்போது என் முடிவு. திறந்து பார்க்கையில் பிளாக்கின் முகமும் தண்ணீர் வழிகளும் கெட்டியாக இருந்து, கிராங்கில் ஆட்டமும் அரைபடுதலும் இல்லாமல், 0.50-இல் சுவர் சுத்தமாகி, காலில் பெரிய கோளாறு இல்லையென்றால் கட்டுங்கள். சாமான் அசலாக இருக்க வேண்டும். யமஹா, சுஸுகி இரண்டுக்குமே அசல் சாமான் தேடினால் கிடைக்கிறது. பிஸ்டன், ரிங், சீல் மூன்றிலும் டூப்ளிகேட் வேண்டாம். எழுதி வாங்கிய மொத்தத் தொகை புதிதின் விலையில் பாதிக்குள் இருக்கும்வரை அது நியாயமான செலவு. இரண்டு மூன்று வருடம் ஓடும். அந்த வருடங்களில் தினமும் ஒரு தொகையைச் சங்கத்தில் போட்டுவந்தால் அடுத்த எஞ்சினை யாரிடமும் கைகட்டாமல் வாங்கலாம்.

கிராங்க் போயிருந்தால், அல்லது வார்ப்பு தின்னப்பட்டிருந்தால், கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால், முழுகிய வரலாறும் போன மாதச் சூடேற்றமும் சேர்ந்து என்னை இந்தப் பக்கம்தான் சாய்க்கின்றன. அப்படியானால் புதிதுதான் வழி. அப்பா வாங்கிய எஞ்சின் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பழைய இரும்பு விலைக்குத் தூக்கிக்கொடுக்கத் தேவையில்லை. அதே மாடலில் புதிது எடுத்தால் கார்புரேட்டர், இக்னிஷன் காயில், ஸ்டார்ட்டர், புரொப்பெல்லர் எல்லாம் உங்களுக்கு உதவும். கடலில் காயில் போனால் கையில் இன்னொன்று இருப்பது பெரிய விஷயம்.

கட்டினாலும் புதிது வாங்கினாலும் முதல் பத்து மணி நேரம் எண்ணெயை இருமடங்கு கலந்து, முழு வேகம் கொடுக்காமல் ஓட்டுங்கள். முதல் நாளே பந்தயம்போல விரட்டிப் புது ரிங்கைக் கெடுத்தவர்கள் உண்டு. தொழில் முடிந்ததும் ஒரு டிரம் நன்னீரில் எஞ்சினின் காலை இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். நன்னீர் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும், அசதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு பேர் இருக்கிறீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை இம்பெல்லரை மாற்றுங்கள், கூட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் துப்புவது மெலிந்த அன்றைக்கே எஞ்சினை நிறுத்திக் காரணத்தைப் பாருங்கள், மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள்.

ஹெட்டைத் திறக்கும் நாளில் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவையும், பிளாக்கின் முகத்தையும் எக்ஸாஸ்ட் பக்கச் சுவரையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். சாமான் வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன் அனுப்புங்கள். பார்த்துவிட்டு அன்றே பதில் எழுதுகிறேன்.